மால்கம் த ஷஸால் ஒரு நாள் சுற்றுலா: 2000 ரூபாய்க்குப் போகலாமா?

காலையில் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் கிளம்பி மாலையில் லெ மோர்ன் கடற்கரையில் முடிகிற வேன் சுற்றுலா இது. ஆளுக்கு 2000 மொரிஷியஸ் ரூபாய், எங்கள் ஊரில் சொல்வதானால் ஒரு ராம்கூலம் தாள், எங்கள் முதல் பிரதமர் படம் போட்ட நோட்டு. ஓவியர், கவிஞர் மால்கம் த ஷஸால் வாழ்ந்த, நடந்த இடங்களுக்குக் கூட்டிப்போய் அவர் கதையைச் சொல்கிறார்கள். கூர்பிப் பூங்காவும் அசல் ஓவியங்களும் மலைகளும் காசுக்குத் தகுந்தவை. மதியச் சாப்பாடும் கடைசியில் நிறுத்துகிற நினைவுப்பொருள் கடையும் வெட்டிச் செலவு. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஏன் நாலு இல்லை என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை. கையில் உள்ள வண்டிகளைச் சொந்தமாக ஓட்டிப் பிழைக்கிற சின்னக் குழு. நான் நாலு குறை சொல்லப்போகிறேன், அதனால் அவர்கள் வாயில் மண் விழ வேண்டாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. ரோஸ் ஹில்லில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஓவியம் படித்தவள் இல்லை, ஆனால் நிறத்தோடு முப்பது வருஷத்துக்கு மேல் பிழைத்தவள். கூட வந்தது அண்ணன் மகள். பாரிஸில் பிரெஞ்சு இலக்கியம் படிக்கிறாள். "அத்தை, அங்கே என் பேராசிரியர் இந்த ஆளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நம்ம தீவுக்காரர்னு எனக்கே அங்கேதான் தெரிஞ்சது," என்றாள். எங்கள் பிள்ளைகள் தங்கள் தீவைப் பாரிஸில்தான் கண்டுபிடிக்கிறார்கள், என்ன செய்ய.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். ஷஸால் 1902 செப்டம்பர் 12 அன்று வக்வாவில் பிறந்தார். பிரெஞ்சு பேசும் பழைய குடியேற்றக் குடும்பம். பதினாறு வயதுவாக்கில் அமெரிக்கா போய், லூயிசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜில் சர்க்கரைத் தொழில்நுட்பம் படித்தார். கொஞ்ச நாள் கியூபாவில் வேலை, 1925இல் ஊர் திரும்பினார். சர்க்கரையில் ஒட்டவில்லை, கற்றாழை நார் ஆலை ஒன்றில் இருந்தார், பிறகு அரசாங்கத் தொலைபேசி இலாகாவில் உத்தியோகம், ஓய்வு பெறும்வரை அதுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1981 அக்டோபர் 1 அன்று கூர்பிப்பில் இறந்தார். இதற்கு நடுவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள், பெரும்பாலும் உள்ளூர் அச்சகத்தில் சொந்தச் செலவில்.

வேனில் வழிகாட்டி இதையெல்லாம் நன்றாகவே சொன்னார். முப்பது வயதிருக்கும் பையன், பாட்டி வழியில் தமிழ். என்னை முதலில் "மாதாம்" என்றவர் அரை மணியில் "தான்தீன்", அதாவது அத்தை, ஆக்கிவிட்டார். எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலிலும் பிரெஞ்சிலும் மாறி மாறிப் பேசுகிறார், ஆங்கிலம் கேட்டால் தருகிறார். தமிழில் "வணக்கம்", "போதும்" இரண்டு வார்த்தை. குரல் நல்ல குரல். கதை சொல்லத் தெரியும். அதுதான் சிக்கலும்.

சிக்கல் என்னவென்றால், அவர் சொல்கிற ஷஸால் ஒரு கிறுக்கன். கோட்டும் டையும் தொப்பியுமாக வெயிலில் நடக்கிற கிறுக்கன், ஓட்டலில் தனியாக உட்கார்ந்து எழுதித் தள்ளுகிற கிறுக்கன், மலைகளைப் பூதங்கள் செதுக்கின என்று நம்பிய கிறுக்கன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வேடிக்கை, வேனில் ஒரு சிரிப்பு. எங்களோடு வந்த பிரெஞ்சு, பெல்ஜியத் தம்பதிகளுக்கு இது பிடித்திருந்தது. எனக்கு முதல் இரண்டு தடவை பிடித்தது.

அந்த மனுஷன் ஒரு அலுவலகக்காரர் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காலையில் போய், கோப்பைப் பார்த்து, மாலையில் திரும்பி, அதற்குப் பிறகு எழுதியவர். 1945 முதல் 47க்குள் அவர் இங்கே அச்சடித்த 'சான்ஸ்-பிளாஸ்டிக்' என்ற புத்தகம், ஆயிரக்கணக்கான ஒற்றை வரி, இரட்டை வரி எண்ணங்களின் தொகுப்பு. அதைத் தபாலில் பாரிஸ் எழுத்தாளர்களுக்கு அனுப்பினார். யார் என்றே தெரியாத ஒரு தீவுக்காரனின் பொட்டலம் அது. விமர்சகர் ஜான் போலான் படித்தார், கனவையும் அடிமனதையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் படித்தார், சர்ரியலிஸ்டுகள் எங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடினார்கள். 1948இல் காலிமார் பதிப்பகம் போலானின் முன்னுரையோடு வெளியிட்டது. இவ்வளவும் நடந்தபோது அவர் பாரிஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிரெத்தோன் கூட்டத்தில் போய்ச் சேரவும் இல்லை. தபால்காரரை நம்பி நடந்த இந்தக் காரியத்துக்கு வழிகாட்டி ஒதுக்கியது ஒரு நிமிஷம். தொப்பிக்கு ஐந்து நிமிஷம்.

முதல் நிறுத்தம் போர்ட் லூயி. நாஷனல் ஓட்டல் என்று ஒன்று இருந்தது, ஷஸால் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார், எழுதுவார், வருகிறவர்களைப் பார்ப்பார் என்று வேனிலிருந்தே கை காட்டிச் சொல்கிறார்கள். இறங்குவதில்லை. போகட்டும். அடுத்து, தனியார் வீடு ஒன்றின் முன்கூடத்தில் அவருடைய அசல் ஓவியங்கள் சிலவற்றைக் காட்டுகிறார்கள். நான் வந்ததே இதற்குத்தான்.

அவர் வரைய ஆரம்பித்தது 1950களில், ஐம்பது வயதை ஒட்டி. எழுதி எழுதி உலகம் கேட்டு முடித்த பிறகு தூரிகை எடுத்த ஆள். காகிதத்தில் குவாஷ், அதாவது தண்ணீர் கலந்து போடுகிற, ஆனால் அடியில் இருப்பதை மறைத்துவிடுகிற கெட்டி வண்ணம். பூ, மீன், டோடோ, வீடு, மலை, படகு. ஒரு குழந்தை நாலு நிற டப்பாவை வைத்துக்கொண்டு போடுகிற மாதிரிதான் முதல் பார்வைக்கு. நிழல் இல்லை, தூரம் கிட்டம் இல்லை. வேனில் வந்த பெல்ஜியக்காரர் தன் பேரன் இதைவிட நன்றாகப் போடுவான் என்று மெதுவாகச் சொன்னார். நான் மறுப்புச் சொல்லப் போகவில்லை, ஆனால் அவர் பார்க்காததை எழுதிவிடுகிறேன்.

சேலைக்கு முந்தானை நிறம் பிடிப்பது எங்கள் தொழிலில் கஷ்டமான வேலை. மயில்கழுத்து உடம்புக்கு அரக்குக் கரை போட்டால் இரண்டும் எரியும். அதே அரக்கைக் கொஞ்சம் பழுப்புப் பக்கம் தள்ளினால் உடம்பு அமுங்கிப்போகும். எந்த இரண்டு நிறம் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒன்றை ஒன்று தூக்கும் என்பது படித்து வருவதில்லை. அந்த முன்கூடத்தில் ஒரு மலைப் படம் இருந்தது. மலை நீலம், வானம் எலுமிச்சை மஞ்சள், கீழே ஒரு பச்சை, நடுவில் சின்னதாக ஒரு செங்கல் சிவப்புக் கூரை. கூரையைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன்: மலை அப்படியே சரிந்து தட்டையாகிவிட்டது. விரலை எடுத்தால் எழுந்து நிற்கிறது. பேரன் போட்டால் கூரை இருக்கும். அந்த இடத்தில் அந்த அளவில் இருக்காது. அண்ணன் மகளையும் விரலால் மறைத்துப் பார்க்கச் சொன்னேன். "அத்தை, இதை நீங்க என் பேராசிரியருக்குச் சொல்லணும்," என்றாள். அவருக்குச் சேலை வாங்கும் உத்தேசம் இருந்தால் சொல்லலாம்.

அந்த முன்கூடத்தைப் பற்றி ஒரு புகார். வடக்குப் பக்க ஜன்னல் திரையில்லாமல் கிடக்கிறது. இது தெற்கு அரைக்கோளம், எங்களுக்கு வருஷத்தில் பெரும்பகுதி வடக்கில்தான் வெயில். சட்டத்தில் போட்டிருப்பது சாதாரணக் கண்ணாடி. காட்சிக் கண்ணாடியில் பொம்மைக்குக் கட்டிய ரோஜா நிறச் சேலை ஒரு கோடை தாண்டாது என்று எந்த ஜவுளிக்கடைப் பெண்ணும் சொல்வாள். ரோஜாவும் ஊதாவும்தான் முதலில் ஓடும், நீலம் கடைசிவரை நிற்கும். ஒரு பூ ஓவியத்தில் சட்டத்தின் விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த கீற்று மட்டும் நல்ல ரோஜா, வெளியே இருப்பது சாயம்போன உள்பாவாடை. காகித ஓவியத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாது என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். அதே போர்ட் லூயியில், நடந்து போகிற தூரத்தில், ப்ளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847ஆம் வருஷத்து அசல் அஞ்சல்தலைகள் இரண்டுக்கும் மணிக்குச் சில நிமிஷம்தான் விளக்கு போடுகிறார்கள். மற்ற நேரம் நகலைத்தான் பார்க்க முடியும். அஞ்சல்தலை அளவுக் காகிதத்துக்கு அந்த மரியாதை. வீட்டுக்காரரிடம் திரைத்துணி நானே தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அங்கிருந்து கூர்பிப். மோட்டார் பாதையில் போகும்போது வழிகாட்டி ஷஸாலின் பிரபலமான வசனத்தை எடுத்துவிட்டார்: இந்த நாட்டில் கரும்பும் தப்பெண்ணமும்தான் விளைகிறது. வேன் குலுங்கச் சிரிப்பு. பிரெஞ்சு அம்மா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். சாறு பிழிந்து, சுண்ணாம்பு சேர்த்துத் தெளியவைத்து, சுண்டவைத்து, காற்று உறிஞ்சிய பெரிய கொப்பரையில் பாகாகக் கொதிக்கவிடுகிற இடம் அவருடையது. பாகு எப்போது மணி கட்டும் என்பதைக் கண்ணால் பிடிக்க வேண்டும். ஒரு கண்ணாடிச் சில்லில் பாகைத் தடவி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். ஒரு நிமிஷம் பிந்தினால் பொய் மணி கட்டி முழுக் கொதியும் கெட்டுவிடும். முப்பது வருஷம் பார்த்தும் அந்த இடத்துக்கு மேலே அவர் போகவில்லை. மேலே இருந்தவர்களின் குடும்பப் பெயர்களும் மாறவில்லை. பேட்டன் ரூஜில் இதே மணி கட்டும் வித்தையைப் படித்துவிட்டு வந்த ஷஸால், தன் சொந்த வர்க்கத்துக்குள் இருந்தே அந்த வசனத்தைச் சொன்னார், அச்சிலும் போட்டார். அதற்காகத் தன் ஆட்களிடம் நல்ல பெயர் வாங்கியிருக்க மாட்டார். அந்த வசனத்துக்கு இவ்வளவாவது பின்னணி வேண்டும். போர்ட் லூயியில் அப்ரவாசி காட் வாசலைக் கடந்துதான் வேன் வந்தது, 1834க்குப் பிறகு கரும்புக்காக வந்து இறங்கியவர்களின் படிக்கட்டு அங்கே இருக்கிறது. ஒரு வார்த்தை இல்லை. அவர்களுக்கு நூறு வருஷம் முன்பே பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கல்தச்சர்களாக வந்த தமிழர்களைப் பற்றி எதிர்பார்ப்பது பேராசை. வண்டி நின்றதும் வழிகாட்டித் தம்பியிடம் சொன்னேன். "நெக்ஸ்ட் டைம் சேர்க்கிறேன் தான்தீன்," என்றார். அந்த வாக்கை இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்துப் போகிறவர்கள் கேளுங்கள்.

கூர்பிப் தாவரவியல் பூங்கா இந்தச் சுற்றுலாவின் உயிர். கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரம், எப்போது வேண்டுமானாலும் மழை, போர்ட் லூயியில் வேர்த்த உடம்புக்கு இங்கே சால்வை தேவைப்படும். இங்கேதான் அது நடந்தது. ஷஸால் நடந்துகொண்டிருந்தார், அசேலியாப் பூவைப் பார்த்தார், அந்தப் பூ தன்னைப் பார்க்கிறது என்று உணர்ந்தார். பார்க்கிறவன் பார்க்கப்பட்டவன் ஆனான். இதிலிருந்து அவர் எடுத்துச் சென்ற முடிவு: இயற்கைக்கு முகம் உண்டு, நம் ஐந்து புலன்களும் தனித்தனி அறைகள் இல்லை, நிறத்துக்கு ருசியும் வாசனைக்கு உருவமும் ஒலிக்குத் தொடுகையும் உண்டு. 'சான்ஸ்-பிளாஸ்டிக்' முழுக்க இதுதான். பூவை மனுஷ உடம்பாகவும் மனுஷ உடம்பைப் பூவாகவும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது.

வழிகாட்டி இந்த இடத்தில் மட்டும் வேடிக்கை காட்டவில்லை. கதையைச் சொல்லிவிட்டு, கால் மணி நேரம் உங்கள் இஷ்டம் என்று ஒதுங்கிப்போனார். நல்ல யோசனை. ஆனால் நாங்கள் போனது டிசம்பர். அசேலியா எங்களுக்குக் குளிர்காலம் முடிகிற சமயத்தில், ஆகஸ்ட் வாக்கில்தான் பூக்கும். பச்சைப் புதரைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அது எங்களைப் பார்க்கவில்லை. துண்டுச்சீட்டில் அட்டைப் படமே இளஞ்சிவப்பு அசேலியா. வருஷம் முழுக்க விற்பவர்கள் எந்த மாதம் பூ இருக்கும் என்று ஒரு வரி போட்டால் குறைந்தா போவார்கள்?

பூவுக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தது ஒரு பனை இனத்து மரம். கம்பி வேலிக்குள் ஒல்லியாக, வளைந்து, உச்சியில் கொஞ்சம் மட்டையோடு நிற்கிறது. ஹையோபோர்பே அமரிகாலிஸ். அந்த இனத்தில் உலகத்தில் உயிரோடு இருப்பது இந்த ஒன்றுதான். பூக்கிறது, ஆனால் ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறு சமயம் பக்குவமாவதால் தனக்குத் தானே காய்க்க வழியில்லை. ஆய்வுக்கூடத்தில் கன்று எடுக்க எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள், நிலத்தில் பிழைக்கவில்லை. இது சுற்றுலாப் பட்டியலிலேயே இல்லை. வேலியைப் பார்த்து நாங்களாகக் கேட்டோம். ஷஸால் கண்ணிலிருந்து இது தப்பியிருக்காது என்று அண்ணன் மகள் ரொம்ப நேரம் வாதாடினாள். அவளை இழுத்துக்கொண்டுதான் வண்டிக்கு வர வேண்டியிருந்தது.

மதியம் கறுப்பு ஆற்றுப் பக்கம் ஒரு உணவகம். தீவுச் சாப்பாடு என்று பெயர், கோழி ருகாய் என்ற தக்காளிக் குழம்பு வெறும் சாறாகவும் பருப்பு தண்ணீராகவும் இருந்தது. சைவம் கேட்டவர்களுக்கு ருகாயில் கோழியை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள், நான் திருப்பி அனுப்பினேன். வக்வா வழியாகத்தான் வந்தோம். ஷஸால் பிறந்த ஊரில் வண்டியை நிறுத்தி ஆளுக்கு ஒரு ஜோடி தால் பூரி வாங்கிக் கொடுத்திருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். இதற்கு மேல் சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மலைகளுக்கு வருகிறேன். இந்தச் சுற்றுலாவின் இரண்டாம் பாதி முழுக்க 'பெத்ருஸ்மோக்'. 1951இல் வெளிவந்த பெரிய புத்தகம், புராணம் என்றே அவர் பெயர் சூட்டினார். மூழ்கிப்போன லெமூரியா என்ற கண்டத்தின் மிச்சம் நம் தீவு, அங்கே வாழ்ந்த பேருருவ மனிதர்கள்தான் இந்த மலைகளைச் செதுக்கினார்கள், பாறைகளில் அவர்களுடைய எழுத்தைப் படிக்கலாம் என்பது அதன் சாரம். இது அவர் தலையில் மட்டும் முளைத்தது இல்லை. ரீயூனியன் தீவின் ஜூல் எர்மான் மலைகளில் உருவங்களைப் பார்த்து எழுதியிருந்தார். எங்கள் கவிஞர் ரோபேர் எத்வார் ஆர் அதைப் பாட்டில் வைத்திருந்தார். ஷஸால் அந்தத் தீயை எடுத்துக் காட்டையே கொளுத்தினார். அவர் குடும்பத்துக்கு இந்தப் போக்கு புதிதும் இல்லை. முன்னோர் ஒருவர் 1794இல் பாம்ப்லமூஸில் ரசவாத ரகசியங்களைச் சொல்லி ஒரு வெளிநாட்டுக்காரருக்குத் தீட்சை கொடுத்ததாக ஏடு இருக்கிறது. பிறகு ஸ்வீடன்போர்க் என்ற ஸ்வீடன் ஞானியின் சபையை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள் வீட்டார்தான். கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் தெரியாத ஒரு ஈடு உண்டு என்பது ஸ்வீடன்போர்க் போதனை. அதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அசேலியா பார்த்ததில் ஆச்சரியமில்லை.

லெமூரியா என்ற பேச்சு வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் புன்னகைத்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் தாத்தா மாலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். குமரிக்கண்டம், பஃறுளியாறு, கடல்கோள், கடல் கொண்ட கபாடபுரம் எல்லாம் அவர் வாயால் கேட்டு வளர்ந்தோம். கரும்பலகையில் இந்தியாவை வரைந்து கீழே ஒரு பெரிய நிலத்தை ஒட்டவைப்பார், அதன் ஓரத்தில் நம் தீவுக்கு ஒரு புள்ளி. நாம் வேற்று மண்ணுக்கு வரவில்லை, சொந்த மண்ணின் மறுகோடிக்கு வந்திருக்கிறோம் என்று முடிப்பார். கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று இப்போது புரிகிறது.

இரண்டு கதைக்கும் அடியில் இருக்கிற லெமூரியா என்ற பெயரைக் கொடுத்தவர் ஒருவர்தான். 1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் இருக்கிற லீமர் இனத்தின் உறவுகள் இந்தியாவில் இருப்பானேன் என்று யோசித்து, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். அதை பிரும்மஞான சபைக்காரர்கள் எடுத்து மனிதர்களைக் குடியேற்றினார்கள். அதே இழை ஒரு பக்கம் சென்னைப் பக்கத் தமிழறிஞர்கள் கைக்குப் போய்ச் சங்க நூல்களின் கடல்கோளோடு சேர்ந்தது. இன்னொரு பக்கம் ரீயூனியன் வழியாக ஷஸாலிடம் வந்தது. அவர் கூர்பிப்பில் பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் என் தாத்தா சில மைல் தள்ளிக் கரும்பலகையில் தமிழில் வரைந்துகொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் தெரியாது. நான் இதைச் சொன்னதும் வழிகாட்டி வேனை ஓரம் கட்டிவிட்டார். அவர் பாட்டியும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாராம். இதுவும் அதுவும் ஒன்று என்று தோன்றவே இல்லையாம். பெல்ஜியக்காரர்தான் அதிகம் கேள்வி கேட்டார். பேரன் விஷயத்தில் நான் கோபப்படாதது நல்லதாயிற்று.

அறிவியல் என்ன சொல்கிறது என்று அவர் கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு லெமூரியா தேவையில்லாமல் போய்விட்டது. எங்கள் தீவு எரிமலைக் குழம்பு, வயது ஏறக்குறைய 90 லட்சம் வருஷம். மலைகளைச் செதுக்கியது மழையும் காற்றும். ஆனால் 2013இல் ஆராய்ச்சியாளர்கள் எங்கள் கடற்கரை மணலில் தீவைவிடப் பல மடங்கு வயதான ஸிர்கான் என்ற கனிம மணிகளைக் கண்டு, எரிமலைக்கு அடியில் ஒரு பழைய கண்டத்துத் துண்டு கிடக்கிறது என்றார்கள், மொரிஷியா என்று பெயரும் வைத்தார்கள். 2017இல் பாறையிலேயே எடுத்த மணிகளுக்கு 300 கோடி வருஷம் வரை வயது சொன்னார்கள். அதில் பூதமும் இல்லை, பாண்டியனும் இல்லை. மனிதன் தோன்றுவதற்கு ரொம்பக் காலம் முன்பு உடைந்து போன துண்டு. ஷஸாலும் தாத்தாவும் இருந்திருந்தால் கடைசி வாக்கியத்தைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வேனிலிருந்து பார்க்கிற மலைகளில் பீட்டர் போத் எல்லோருக்கும் பிடிக்கும்: 820 மீட்டர் உச்சியில் தலை மாதிரி ஒரு உருண்டைப் பாறை. 1615இல் இந்தக் கடலில் மூழ்கிப்போன டச்சு ஆளுநரின் பெயர் அதற்கு. தேவதைகள் கல்லாக்கிய பால்காரன் என்பது ஊர்க் கதை. கோர் த கார்ட் மலையை வழிகாட்டி ஷஸால் கண்ணால் பார்க்கச் சொன்னார். எனக்கு அது நடக்கவில்லை. அதன் சரிவில் எங்கள் முருகன் கோயில் இருக்கிறது, ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காவடியோடு ஏறுகிற படி அது. மலைக்கு முகம் உண்டு என்பதற்கு நாங்கள் பெத்ருஸ்மோக் வாங்க வேண்டியதில்லை. லெ மோர்னில் கூடுதல் நேரம் கொடுத்தார்கள், 556 மீட்டர் பாறைச் சுவர், கீழே ஷஸால் நடந்த கடற்கரை. ஓடிப்போன அடிமைகள் ஒளிந்திருந்த மலை அது, 2008இல் உலக மரபுச் சின்னமானது. இந்த வரலாற்றை வழிகாட்டி விடாமல் சொன்னார், அதற்கு அரை நட்சத்திரம் கூட்டினேன்.

நினைவுப்பொருள் கடையைப் பற்றிச் சீக்கிரம் முடிக்கிறேன். ஷஸால் பாணி டோடோ போட்ட குவளை, சாவிக்கொத்து, பை. ஓவிய நகல்கள் பளபளக்கும் கேன்வாஸ் துணியில். குவாஷ் என்றால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கலாக, மினுங்காமல் உட்கார வேண்டும். பளபளப்பு ஏறினால் அதன் உயிரே போய்விடும். நீலம் வேறு ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தது. காகிதத்தில் அச்சடித்த சின்ன அஞ்சலட்டைகள் அதே கடையில் மூலையில் கிடக்கின்றன, விலையும் கம்மி, நிறமும் சரி. வாங்கினால் அவற்றை வாங்குங்கள். தன் படங்களை எளிய விலைக்கே கொடுத்துவந்த ஆளின் பெயரில் கேன்வாஸ் நகலுக்கு அந்த விலை கேட்பது கொஞ்சம் உறுத்துகிறது.

காசு மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு: போர்ட் லூயியிலிருந்து கூர்பிப்புக்கு 2022 முதல் மெட்ரோ ஓடுகிறது. அறுபது தாண்டிய ஊர்க்காரர்களுக்கு இலவசம். தடத்தின் பெரும்பகுதி பழைய ரயில் பாதை. 1956 வரை பயணிகள் ரயில் ஓடியது, ஷஸாலும் அதில் போய்வந்த தலைமுறைதான். நிலையத்தில் இறங்கிப் பூங்காவுக்கு நடந்தோ பேருந்திலோ போய்விடலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. ஆக, சுற்றுலாவின் சிறந்த அரை நாளைச் சும்மா பார்த்துவிடலாம். அசல் ஓவியங்களும் லெ மோர்னும் வேண்டுமென்றால் வேன் தேவை.

போகிறவர்கள் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போங்கள். குடை, ஒரு கம்பளிச் சட்டை, கையில் சாப்பாடு. சைவச் சாப்பாடு உண்டு என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். பிரெஞ்சு வராதவர்கள் ஆங்கிலக் குழுவில் சேருங்கள், அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். கூர்பிப் போகும்வரை பீட்டர் போத்தும் லெ பூஸ் மலையும் இடது பக்கம், கோர் த கார்ட் வலது பக்கம். ஓட்டுநர் பக்கத்து முன் இருக்கையைக் கேட்டு வாங்கிவிட்டால் இரண்டும் கிடைக்கும்.